அடைக்கோழிக்குக் கீழே ஐந்து குப்பிகள்

எங்கள் குடும்பத்தில் சுகாதாரப் பகுதிக்கு வேலை செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சின்ன மாமா. மற்றது அம்மாவின் சிவப்புக் கோழி. இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் கோழி ஒருநாளும் தன் வேலையைப் பற்றி ஊரெல்லாம் கதைத்துத் திரிந்ததில்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் மூட்டை முடிச்சுகளோடு வன்னிக்குள் வந்து சேர்ந்ததற்கு அடுத்த மாரிகாலம் அது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வீடு. நான் ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது, அது இரண்டாவது முறை. ஐந்து வீட்டுச் சனம் அள்ளிய கிணறுகளில் ஐம்பது வீட்டுச் சனம் அள்ளத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. அதனால் ஊருக்கு ஒரு தொண்டரைப் பிடித்துத் தண்ணீர் சோதிக்கப் பழக்கினார்கள். எங்கள் ஊரில் அகப்பட்டவர் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

பத்து நாள் பயிற்சிக்குச் சாரத்தோடு போனவர், காற்சட்டையும் ஒரு மரப்பெட்டியுமாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. செம்பைத் தூக்கினால், “அக்கா, இது எப்ப அள்ளினது, மூடி வைச்சனீங்களோ?” என்று கேள்வி வரும்.

“உன்னை இவ்வளவு நெடுப்பமா வளர்த்த தண்ணிதான்ரா. வாயை மூடிக்கொண்டு குடி” என்பார் அம்மா.

பெட்டிக்குள் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்தில் தோய்த்துக் காயவைத்த ஒரு கடதாசித் துண்டு. கிணற்றுத் தண்ணீரைக் கோடு வரைக்கும் விட்டு, இறுக மூடி, சூடான இடத்தில் ஒன்றரை நாள் வைக்கவேண்டும். தண்ணீர் அப்படியே இருந்தால் நல்லது. கரிபோலக் கறுத்தால் அதற்குள் மலக்கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ‘மலக்கிருமி’ என்று சொல்லும்போது மாமா குரலைத் தாழ்த்துவார், அது யாரோ பெரிய மனிதருடைய பெயர் என்பதுபோல.

சூடான இடத்துக்கு எங்கே போவது? கோடை என்றால் கூரைக்குக் கீழே எங்கே வைத்தாலும் வெந்துவிடும். மாரியில் எங்கள் ஓலை வீடு நனைந்த சாக்குப்போலக் குளிர்ந்து கிடக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் கரண்டில் வேலை செய்யும் சூட்டுப்பெட்டி உண்டாம். கரண்டை நான் பாடப் புத்தகத்தில்தான் கண்டிருந்தேன். மண்ணெண்ணெயோ மருந்துபோல அளந்து வாங்கும் சாமான். வேறு வழியில்லை என்றால் உடம்போடு சேர்த்து வைத்துக்கொள்ளப் பயிற்சியில் சொன்னார்கள் என்று, முதல் தடவை மாமா இரண்டு குப்பிகளைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு படுத்தார். விடிய எழும்பியபோது ஒன்று உடைந்திருந்தது. எங்கே கிழித்தது என்று அம்மா கேட்டார். மாமா சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கதிரையில் ஒரு பக்கமாகவே இருந்தார்.

அப்படி ஒரு பக்கமாக இருந்த நேரத்தில்தான், குசினி அடுப்பு மூலையில் பனையோலைக் கடகத்துக்குள் அடைகிடந்த சிவப்புக் கோழி அவர் கண்ணில் பட்டது.

“அக்கா, கோழியின்ர வயித்துக்குக் கீழ எவ்வளவு சூடெண்டு தெரியுமோ?”

“ஏன், உனக்கும் அடைகிடக்க வேணுமோ?”

“மனுசற்ற உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான். இரவும் பகலும் ஒரே சூடு. கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.”

“அதுக்குள்ள என்ர பதினொரு முட்டை கிடக்கு.”

“முட்டை பாட்டுக்கு முட்டை கிடக்கட்டும். நடுவில நாலைஞ்சு குப்பி.”

அம்மா அகப்பையோடு திரும்பினார். “பீத்தண்ணியை என்ர கோழிக்குக் கீழ வைக்கப்போறியோ?”

“பீயோ இல்லையோ எண்டு பாக்கத்தானே அக்கா வைக்கிறன்.”

கோழி மட்டும்தான் கேள்வி கேட்கவில்லை. குப்பியை ஒருமுறை கொத்திப் பார்த்தது. பிறகு காலால் உருட்டி வயிற்றுக்குக் கீழே சேர்த்துக்கொண்டு கண்ணை மூடியது.

இனி என் கவலையைச் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடையால் பற்றறி வன்னிக்குள் வராத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் ரேடியோ பாடும். மாமா கதிரையில் சாய்ந்து கேட்பார். சுற்றுவது நான். நிறுத்தினால் பாட்டுக்காரி பாதியில் செத்துப்போவாள். “மருமோனே, கொஞ்சம் இழுத்துச் சுத்தும், பாட்டு இளைக்குது” என்பார். பாட்டு முடிந்து செய்தி, செய்தி முடிந்து இன்னொரு நிலையத்தில் அதே செய்தி. ஆகவே மாமாவுக்குக் கலியாணமாகி அவர் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதில் இந்த உலகத்திலேயே அதிக அக்கறை கொண்டிருந்தவன் நான்தான்.

பெண்ணும் இருந்தார். நான் தையல் அக்கா என்று கூப்பிடுவேன். காலால் மிதிக்கும் மிசினில் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவர். அந்த வருடம் மாமாவின் சேட்டுகளில் பொத்தான்கள் கழன்றதுபோல வேறு யாருடைய சேட்டிலும் கழன்றதில்லை. அவரே பல்லால் கடித்து எடுப்பதை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். அம்மா முறைப்படி கேட்டுவிட்டிருந்தார். அக்காவின் தகப்பன், “வயல் அரிவி வெட்டு முடியட்டும், யோசிப்பம்” என்று சொல்லியிருந்தார்.

அந்தத் தகப்பனைத்தான் ஊரில் பெரிய கிணற்று ஐயா என்பார்கள். அவருடைய வளவில் இருந்த கட்டுக்கிணறு எந்தக் கோடையிலும் வற்றாது. ஊர் பாதி அதில்தான் அள்ளியது. இடம்பெயர்ந்து வந்த நான்கு குடும்பங்களுக்குத் தன் வளவிலேயே கொட்டில் போட இடம் கொடுத்தவர் அவர். அதோடு நிற்கவில்லை. பாவம், வந்த சனம் தண்ணீர் காவிக்கொண்டு தூரம் போகவேண்டாம் என்று, கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரத்தில் தானே மண்வெட்டி பிடித்து மலசலகூடக் குழியும் வெட்டிக் கொடுத்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது. நானும் அன்றைக்கு மண் அள்ளிப் போட்டுவிட்டு, பனங்கட்டியோடு பிளேன்ரீ குடித்தவன்.

மாமா மட்டும் புகழவில்லை. ஒருநாள் குழியிலிருந்து கிணறு வரைக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். ஐயா கிணற்றுத் துலாவடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, காணி அளக்கிறீரோ? சீதனம் இன்னும் பேசி முடியேல்லை.”

மாமாவுக்குக் காது சிவந்தது. “இல்லை ஐயா. குழி கிட்டவாக் கிடக்கு. உதில இருந்து கிணத்துக்கு ஊறும்.”

“ஊறினால் மண் வடிச்சுத்தானே விடும்? கடற்கரையில தோண்டினாலே நல்ல தண்ணி வருது.”

“மண் சேத்தை வடிக்கும். கிருமியை உந்த மணல் வடிக்காது ஐயா.”

ஐயா துலாவை இழுத்து ஒரு வாளி அள்ளி வைத்தார். “இதைப் பாரும். தேத்தண்ணி ஊத்தினால் சாயம் எப்பிடி எழும்புது எண்டு கேட்டுப்பாரும். பருப்பு ஒரு கொதியில அவியும். சவுக்காரம் தொட்டால் நுரை. இந்த மாரியிலயும் அடி தெரியுது. இதைவிட என்ன சோதனை?”

“அதெல்லாம் சரி. கிருமி கண்ணுக்குத் தெரியாது.”

“உம்மட கண்ணுக்குத் தெரியுமோ?”

“எனக்கும் தெரியாது ஐயா. குப்பிக்குத் தெரியும்.”

ஐயா வாளியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “சரி, எடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில ஊருக்கு முன்னால திறக்கவேணும். அதுக்கு முந்தி நீரும் பாக்கக்கூடாது. கறுத்தால் ஒருத்தரும் அள்ளாமல் என்ர கையாலயே துலாக் கயிற்றைக் கழட்டுறன்.”

மாமாவிடம் அவ்வளவுதான் சொன்னார். சங்கக்கடையில் வேறு கதையும் சொன்னார். சீனி வாங்கப் போயிருந்த என் காதில் அது விழுந்தது. “என்ர கிணத்தைக் கெட்டதெண்டு சொல்லுறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க எனக்கென்ன விசரே?”

ரேடியோ இன்னும் எத்தனை வருடம் சுற்றவேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். கணக்கில் நான் மோசம் என்றாலும் விடை பெரிதாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணீர் எடுத்தார் மாமா. எடுத்த விதத்தைப் பார்த்தால் ஏதோ பூசை என்று நினைப்பீர்கள். சவுக்காரத்தால் முழங்கை வரைக்கும் கழுவினார். கொதிநீரில் போட்டெடுத்த தகரப் பேணியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். குப்பியின் வாயில் விரல் படவிடவில்லை. நான் மூடியைத் தொடப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது. குப்பியில் எழுதினால் கோழியின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மை கரைந்துவிடும். அதனால் குப்பிகளின் கழுத்தில் நிறநிறமாக நூல் கட்டிக் கொடுத்தது தையல் அக்கா. பெரிய கிணற்றுக்குச் சிவப்பு, பள்ளிக்கூடக் கிணற்றுக்கு நீலம், கோயில் கிணற்றுக்குப் பச்சை, எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மஞ்சள். ஐந்தாவது குப்பிக்கு வெள்ளை. அதற்குள் கிணற்றுத் தண்ணீரே இல்லை. அம்மா கேத்திலில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்.

“மாமா, கொதிச்ச தண்ணியை ஏன் சோதிக்கிறியள்? அம்மாவில நம்பிக்கையில்லையோ?”

“அது உமக்கு விளங்காது மருமோனே. வந்து சுத்தும்.”

விளக்கியிருந்தால் நான் இந்தக் கதையை எழுதவேண்டி வந்திராது.

சனிக்கிழமை மத்தியானம் கோழி தீன் தின்ன எழும்பிய நேரம், குசினியில் ஒருவரும் இல்லை. கடகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். முட்டைகளுக்கு நடுவில் நான்கு குப்பிகள் பளிங்குபோலக் கிடந்தன. சிவப்பு நூல் குப்பி மட்டும் அடுப்புக்கரியைக் கரைத்து விட்டதுபோலக் கறுத்துக் கிடந்தது.

நான் கெட்ட பிள்ளை இல்லை. யாருக்கும் நோகாமல் செய்யவேண்டும் என்று யோசித்தேன். கறுப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் பள்ளிக்கூடம் ஏற்கெனவே என்மேல் கோபமாக இருந்தது. கோயிலுக்குக் கொடுத்தால் சாமி கேட்கும். எங்கள் கிணற்றுக்குக் கொடுத்தால் அம்மா கேட்பார், அது சாமியைவிட மோசம். வெள்ளை நூல் குப்பிதான் மிச்சம். அது எந்தக் கிணறும் இல்லை. அது கறுத்தால் யாருக்கு என்ன? சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். கோழி திரும்பி வந்து என் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. அந்த வீட்டில் மனச்சாட்சி இருந்த ஒரே ஆள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசிகசாலை நிரம்பிவிட்டது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஐயா வேட்டி சால்வையோடு முன்வரிசை வாங்கில் இருந்தார். மாமா துணியில் சுற்றிக் கொண்டுவந்த குப்பிகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

சிவப்பு, தெளிவு. ஐயா சால்வையைச் சரிசெய்தார். நீலம், பச்சை, மஞ்சள், எல்லாம் தெளிவு. கடைசியாக வெள்ளை நூல் குப்பி வந்தது. கரி.

மாமா அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். அவருடைய முகம் கணக்குப் பரீட்சையில் என் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

“அந்த வெள்ளை எந்தக் கிணறு தம்பி?” என்று ஐயா கேட்டார்.

“கிணறில்லை ஐயா. கொதிச்ச தண்ணி.”

ஐயா மிகவும் பணிவாகச் சொன்னார்: “கொதிச்ச தண்ணி கறுத்துப்போச்சு. கொதியாத தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அப்ப நாங்கள் இனி விறகு மிச்சம் பிடிக்கலாம்.”

வாசிகசாலைக் கூரை அதிரச் சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒரு குரல், “எந்த வீட்டில கொதிச்சது எண்டு கேளுங்கோ, அங்க இனித் தேத்தண்ணி குடிக்க யோசிக்கவேணும்” என்றது.

அம்மா எழும்பி நின்றார். “நான் மூண்டு கொதி விட்டனான். கேத்திலைக் கொண்டுவந்து காட்டுறன், பாருங்கோ.” அவருடைய குரல் உடைந்தது. அந்தத் தண்ணீர் யாருடையதும் இல்லை என்றுதானே நினைத்திருந்தேன். அது அம்மாவுடையது.

மாமா சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார். “இந்தக் குப்பி கறுக்க ஏலாது” என்றார். “மற்றக் குப்பியள் பொய் சொல்லாமல் இருக்கினமோ எண்டு பாக்கத்தான் இதை வைக்கிறது. நல்ல தண்ணியெண்டு தெரிஞ்ச தண்ணி இதில கறுத்தால், குப்பி பிழை, இல்லாட்டி என்ர கை பிழை. இது பிழைச்சால் அஞ்சும் பிழை. எந்தக் கிணத்தைப் பற்றியும் இண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. திரும்ப முதலில இருந்து வைக்கவேணும்.”

“வெல்லுமட்டும் திரும்பத் திரும்ப வைப்பீரோ?” என்றார் ஐயா.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து தையல் அக்கா எழும்பி மேசையடிக்கு வந்தார். ஐந்து குப்பிகளையும் எடுத்துக் கழுத்தைப் பார்த்தார். மூன்றை ஒரு பக்கமும் இரண்டை மறுபக்கமும் வைத்தார்.

“இந்த மூண்டும் நான் கட்டினது. இந்தச் சிவப்பும் வெள்ளையும் நான் கட்டினதில்லை.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?” என்றார் ஐயா.

“நான் சின்ன முடிச்சாப் போட்டு நுனியை நறுக்கினனான் அப்பா. இதைப் பாருங்கோ. இது ஆடு கட்டுற சுருக்கு.”

எங்கள் வீட்டில் ஆடு கட்டுவது யார் என்று ஊருக்கே தெரியும். மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் என் மூளை எனக்கு ஒரு உதவி செய்தது. நான் எழும்பி, “அம்மா, ஆட்டை மாத்திக் கட்டவேணும், நான் போயிட்டு வாறன்” என்றேன்.

இரண்டாவது தடவை கூரை அதிர்ந்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கையைப் போட்டுத் தன் முன்னால் நிறுத்தினார்.

“ஆர் மாத்தச் சொன்னது? மாமாவோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் மாத்தினனீ?”

“மாமா போனால்தானே நான் ரேடியோ சுத்தாமல் இருக்கலாம்.”

“எங்க போனால்?”

“உங்கட வீட்டை.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மாமா கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணத் தொடங்கினார். சனம் சிரித்துச் சிரித்துத் தன்பாட்டில் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகுதான், நூலைத் திருப்பி மாற்றினால் கறுப்பு எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று ஒவ்வொருவருக்காக விளங்கியது.

ஐயாவுக்கும் விளங்கியது. “இந்தச் சின்னப் பொடியன்ர கதையை நம்பி என்ர கிணத்தைக் கெட்டதெண்டு சொல்லப்போறீரோ?”

“இல்லை ஐயா. பொடியன்ர கதையையும் நம்பேலாது” என்றார் மாமா. அது எனக்கு நொந்தது. “திரும்ப வைப்பம். அதுவரைக்கும் எல்லாரும் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ.”

அப்போது ஐயாவின் வளவில் கொட்டில் போட்டிருந்த பெண் ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு எழும்பினார். சத்தம் எழும்பாமல் பேசினார். “ஐயா, நாங்கள் உங்களுக்குச் சொல்லேல்லை. இருக்க இடம் தந்த மனுசனிட்டைத் தண்ணியில குறை சொல்லலாமோ எண்டு. இவனுக்கு ரெண்டு கிழமையா வயித்தால போறது நிக்குதில்லை.”

ஐயா அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அது மெலிந்த காலை ஆட்டிக்கொண்டு அவருடைய சால்வையைப் பிடிக்க எட்டியது. அவர் எழும்பி வெளியே போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, துலாக் கயிற்றைக் கழற்றி வாளியோடு தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆனால் மனிதர் அவ்வளவு லேசில் தோற்கிறவர் இல்லை. இரண்டாவது சோதனைக்கு எங்கள் கோழி வேண்டாம் என்றுவிட்டார். “அந்த வீட்டுக் கோழியிலயும் நம்பிக்கையில்லை, பொடியனிலயும் நம்பிக்கையில்லை.” அவருடைய கறுத்தக் கோழிக்குக் கீழே, அவருடைய அறைக்குள், அவரே கதிரை போட்டுக் காவலிருக்க வைத்தார்கள். தையல் அக்காதான் நூல் கட்டினார். ஒன்றரை நாள் கழித்து வெள்ளை நூல் குப்பி பளிங்குபோல வந்தது. சிவப்பு நூல் குப்பி கரி.

அடுத்த நாள் ஐயா மண்வெட்டியை எடுத்தார். மாமாவும் ஒரு மண்வெட்டியோடு போனார். தண்டனையாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐயா மாமாவோடு கதைக்கவில்லை. கதைக்கவேண்டியதை எல்லாம் நடுவில் நின்ற என்னிடம் சொன்னார், மாமா ஐந்தடி தூரத்தில் நின்றபோதும்.

“உன்ர மாமாட்டைக் கேள், குழி எத்தினை எட்டில வெட்டவேணுமெண்டு.”

“மாமா, எத்தினை எட்டு?”

“அம்பது எட்டெண்டு சொல்லும். பள்ளப் பக்கமா.”

“அம்பது எட்டாம் ஐயா. பள்ளப் பக்கமாம்.”

“எனக்கென்ன காது கேக்காதே?” என்பார் ஐயா.

புதுக் குழி வெட்டி, பழையதை மூடி, மூன்று தரம் கிணறு இறைத்தோம். இறைத்த கிணற்றுக்கு மாமா குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒரு குளிசையைப் போட, தண்ணீர் ரோசா நிறமாக மாறியது. மருந்து போதுமான அளவு கிடக்கிறதாம். கொட்டில் பிள்ளைகள் அதைச் சர்பத்து என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன்.

கிணறு சரிவரும் வரைக்கும் ஐயா வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான். பின்னேரம் பின்னேரம் தையல் அக்கா குடத்தோடு படலையைத் திறந்துகொண்டு வருவார். ஊருக்கே தண்ணீர் கொடுத்த வீட்டுப் பிள்ளை இப்படி இன்னொரு வீட்டில் வந்து அள்ளவேண்டி வந்துவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருக்கும். எல்லாம் என்னால்தான் என்றும் ஒரு நினைப்பு. சைக்கிளில் கொண்டுபோய்த் தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டேன். வேண்டாம் தம்பி, நான் நடப்பன் என்றுவிட்டார். மாமாதான் அள்ளி ஊற்றுவார். ஊரிலேயே வேகமாகத் தண்ணீர் அள்ளுகிற ஆள் அவர். ஆனால் அந்த நாட்களில் ஒரு குடம் நிறைய அரை மணித்தியாலம் எடுத்தது. வாளி ஓட்டையோ என்றுகூட நான் ஒருநாள் பார்த்தேன்.

குளோரின் மணம் போய், இன்னும் ஒரு கிழமை விட்டு, மூன்றாவது சோதனை வைத்தார்கள். வாசிகசாலையில் ஊருக்கு முன்னால் சிவப்பு நூல் குப்பியைத் தூக்கிக் காட்டியதே தையல் அக்காதான். தெளிந்த தண்ணீர். வெள்ளையும் தெளிவு. ஐயா எழும்பி வந்து குப்பியை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு பழக்கதோசத்தில் என்னிடம் சொன்னார்: “உன்ர மாமாட்டைச் சொல்லு, அரிவி வெட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அம்மாவை ஒருக்கா வீட்டை வந்திட்டுப் போகச் சொல்லி.”

அன்றைக்குப் பின்னேரமே கிணற்றுக்குக் கயிறு பூட்டினார். நானே முதல் வாளி இழுத்துக் குடித்தேன்.

மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். எங்கள் கிணற்றடியில் தையல் அக்கா குடத்தோடு நிற்கிறார். மாமா வாளியைக் கையில் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு தூரம் வீணாக நடந்து வந்திருக்கிறாரே என்று எனக்குப் பதறிவிட்டது. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அக்கா, உங்கட கிணறு நல்லாயிட்டுது. குப்பி கறுக்கேல்லை. இனி இஞ்ச வரத் தேவையில்லை.”

மாமா என்னைப் பார்த்த பார்வையில் பச்சை விறகு பற்றியிருக்கும். அக்கா குடத்தை இறக்கி வைத்தார்.

“அப்பிடியோ தம்பி? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார்.

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இந்த அக்காவுக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று, அன்றைக்கு முழுக்க நான் மாமாவோடு கதைக்கவில்லை.